முறுக்கு கடிக்காதுங்க

அந்தப் பையை அப்படி உத்துப் பாக்காதீங்க தம்பி. உள்ள காய்கறி இல்லைங்க. உங்க பூனைக் கூடையை மட்டும் ஒரு அடி அக்கட்டால நகத்தி வெச்சுக்குங்க. ஆங், போதும். பை அசையறது ஃபேன் காத்துக்குத்தான், வேற ஒண்ணுமில்ல.

இல்ல, ஆஸ்பத்திரில உக்காந்து பொய் சொல்லக் கூடாது. காத்துக்கு இல்லைங்க. உள்ள பாம்பு இருக்குது.

உக்காருங்க, உக்காருங்க! எந்திரிச்சா சேர் போயிரும். நமக்கு முன்னால இன்னும் நாலு டோக்கன் இருக்குது. விசமெல்லாம் இல்லைங்க. ஆப்பிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பு வகை. நம்ம ஊரு மலைப்பாம்பு மாதிரி ஆட்டை முழுங்கற அளவெல்லாம் வளராது. மூணரை அடிதான். வனத்துறைல பதிவு பண்ணின பேப்பர்கூட இந்த ஃபைல்ல இருக்குது, வேணும்னா பாருங்க. பேரு முறுக்கு. பயந்துச்சுன்னா உடம்பைச் சுருட்டித் தலையை நடுவுல ஒளிச்சு வெச்சுக்கும். அதனால அந்தப் பேரு. நான் வெச்சதில்லைங்க. அந்தப் பையன் வெச்சது.

அந்தப் பையன்னா யாருன்னு கேக்கறீங்களா? சொல்றேன். எனக்கும் பேசாம உக்காரத் தெரியாது.

எம் பேரு திருமூர்த்தி. வடவள்ளில அபயம் டிரைவிங் ஸ்கூல் நம்முளுதுதான். இருவத்தாறு வருசத்துல மூவாயிரம் பேருக்கு மேல கார் ஓட்டக் கத்துக் குடுத்திருக்கறேன். ஸ்டீரிங்கைப் புடிச்சதும் அழுதவங்க உண்டு, லாரி எதுக்க வந்தா ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டவங்க உண்டு. எல்லாருக்கும் நான் ஒரே வசனம்தான் சொல்லுவேன். "பயம் மனசுல இல்லைங்க, காலுல இருக்குது. கிளட்ச்சை மெதுவா விடுங்க, பயமும் விட்டுரும்." கேக்க நல்லா இருக்குதுங்களா? அதை போர்டுலயே எழுதிப் போட்டிருக்கறேன். எதுக்குச் சொல்றேன்னா, பயத்தைப் பத்திப் பேசறதுல என்னை விட்டா ஆள் இல்லைன்னு நான் ரொம்ப வருசமா நெனைச்சுட்டு இருந்தேன்.

பை மேல செந்தில்வேல் கௌசல்யான்னு போட்டிருக்குதே, அது யாரோ கல்யாணத்துல தேங்காயும் வெத்தலையும் போட்டுக் குடுத்த பை. இந்த மாதிரி மஞ்சப் பை எங்க வீட்ல அம்பது இருக்குதுங்க. ஊர்ல எல்லார் வீட்டுக் கல்யாணப் பையும் இருக்குது. எம் பொண்ணு கல்யாணப் பை மட்டும் இல்ல. அவ கல்யாணம் சென்னைல ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்துச்சு. நான் போகல.

எம் பொண்ணு பேரு சிந்துஜா. ஒரே பொண்ணு. சென்னைல வேலைக்குப் போன எடத்துல தூத்துக்குடிப் பையன் ஒருத்தனைப் புடிச்சிருக்குதுன்னா. கப்பல்ல இன்ஜினியராம். வேற சாதி, சர்ச்சுக்குப் போற குடும்பம். நான் கத்தல, அடிக்கல. நான் அந்த மாதிரி ஆளு இல்லைங்க. கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். ரெண்டு வருசம் சாத்தியே வெச்சிருந்தேன். அதுல என்னைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் என்ன பேசுவாங்கன்னு யோசிக்கோணுமில்ல? அவங்க ஒண்ணும் பேசலைங்கறது வேற விசயம்.

போன வருசம் பொரட்டாசில எம் வீட்டுக்காரி சாந்தாமணி வந்து நின்னா. "ஏனுங்க, நம்ம அம்மிணிக்கு ஏழாம் மாசம். தலைப் பிரசவம் தாய் வீட்லதான் பாக்கோணும். நான் போயிக் கூட்டிட்டு வரப் போறேன். உங்ககிட்டக் கேக்கல, சொல்றேன்"னா. நான் பெருந்தன்மையா ரொம்ப நேரம் யோசிச்சு, சரின்னு தலையாட்டினேன். தலை நிமிந்து பாத்தா ஆளைக் காணோம். பஸ் ஏறப் போயிட்டா.

ரெண்டாம் நாள் வாசல்ல டாக்ஸி வந்து நிக்குது. எம் பொண்ணு வயித்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா எறங்கறா. முகமெல்லாம் வீங்கி, கால் வீங்கி. வா கண்ணுன்னு கூப்புடோணும்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள டிரைவர் பின்னால இருந்து ஒரு கண்ணாடிப் பொட்டியை எறக்கி வெச்சான். துணி போட்டு மூடியிருக்குது. "மீன் தொட்டியா?"ன்னு கேட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு எம் பொண்ணுகிட்டப் பேசின மொத வார்த்தை அதுதானுங்க. மீன் தொட்டியான்னு.

"பாம்புப்பா. அவரு கப்பலேறிட்டாரு, வர ஆறு மாசம் ஆகும். இதை வேற எங்க விடறது? இது உள்ள வரக் கூடாதுன்னா நானும் இதே வண்டில திரும்பிப் போயிக்கறேன். டிரைவரை நிக்கத்தான் சொல்லியிருக்கேன்"னா.

பின்னால ரூம்ல கொண்டு போயி வையின்னுட்டேன். எனக்குப் பாம்புன்னா எப்படின்னு நீங்க தெரிஞ்சுக்கோணும். டிவில பாம்பு வந்தா நான் காலைத் தூக்கி சோபா மேல வெச்சுக்கற ஆளுங்க. ஆனா அன்னிக்கு, பாம்பு உள்ள வந்துருமேங்கற பயத்தைவிட இவ திரும்பிப் போயிருவாளோங்கற பயம் பெருசா இருந்துச்சு.

மொத ரெண்டு வாரம் பிரச்சினை இல்ல. அவளே தண்ணி வெப்பா, அவளே பொட்டியைச் சுத்தம் பண்ணுவா. நான் அந்த ரூம் பக்கமே போகல, கொல்லைக்குப் போறதுக்குக்கூட வீட்டைச் சுத்திப் போயிட்டு வந்தேன். அப்புறம் பிரசவம் பாக்கற டாக்டரம்மா ஒரு நாள் கண்டிச்சு விட்டுட்டாங்க. பாம்பு மேல இருக்கற கிருமி வயித்துப் புள்ளைக்கு ஆகாது, தொடவே கூடாதுன்னு. வீட்டுக்கு வந்ததும் அவ எம் முன்னால உக்காந்தா.

"இனி நீங்கதான்ப்பா பாத்துக்கோணும். பத்து நாள் முயற்சி பண்ணுங்க. முடியலைன்னா சொல்லிருங்க, அவரோட சிநேகிதர் ஒருத்தரு சென்னைல இருக்காரு. நான் போயி அவருகிட்ட இதை விட்டுட்டு, அங்கயே எங்க வீட்ல இருந்து பிரசவத்தைப் பாத்துக்கறேன்."

மெரட்டலைங்க. சாதாரணமாத்தான் சொன்னா. அதனாலதான் உடனே சரின்னுட்டேன்.

எப்படித் தூக்கறதுன்னும் சொல்லிக் குடுத்தா. "தலைக்கு மேல இருந்து கையைக் கொண்டு போகாதீங்க, பருந்துன்னு நெனைச்சுக்கும். பக்கத்துல இருந்து போங்க. மொதல்ல உங்க வாசனை அதுக்குத் தெரியட்டும். அப்புறம் நடு உடம்பைப் புடிச்சுத் தூக்குங்க. தூக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாத் தூக்கிருங்க, பாதில கையை இழுக்காதீங்க. இழுத்தாத்தான் அதுக்குப் பயம்." நானே ஒரு மாஸ்டர், எனக்கே கிளாஸ் எடுக்கறா பாருங்க.

மொத நாள் பக்கத்து லேத் பட்டறைல போயி வெல்டிங் பண்றவங்க போடற தோல் கையுறை வாங்கிட்டு வந்தேன். ரெண்டாம் நாள் அதோட ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டேன். சாந்தாமணி அன்னாடம் காலைல சிறியாநங்கை இலையை அரைச்சு உருட்டிக் குடுத்தா. அதைத் தின்னா பாம்புக் கடி ஏறாதாம். விசமே இல்லாத பாம்புக்கு விசமுறிவு. கசப்பு நாக்கை விட்டு மத்தியானம் வரைக்கும் போகாது. அதையும் தின்னேன். ஹெல்மெட்டு, கையுறை, வாயெல்லாம் கசப்பு, இப்படி நான் பொட்டி முன்னால நிப்பேன். அது ஒரு மூலைல சுருண்டு கெடக்கும். நான் கையை நீட்டுவேன். அது நாக்கை நீட்டும். நான் வெளிய வந்துருவேன். கூரியர் குடுக்க வந்தவன் ஒரு நாள் என்னை அந்தக் கோலத்துல பாத்துட்டு, கையெழுத்துகூட வாங்காம பார்சலை வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டான்.

தண்ணிக் கிண்ணத்தை எட்ட இருந்தே இடுக்கில மாத்திருவேன். எலி வெக்கறதும் நீள இடுக்கிதான். ஆனா பொட்டியைச் சுத்தம் பண்ணோணும்னா பாம்பை வெளிய எடுத்தே ஆகோணும். எடுக்காம இருக்க நான் என்னென்ன காரணம் கண்டுபுடிச்சேன் தெரியுங்களா? ஒரு நாள் அஷ்டமி. மறுநாள் நவமி. அதுக்கடுத்த நாள் கரிநாள். ஒரு நாள் எதுவுமே கெடைக்கல, சாந்தாமணிகிட்ட "ராகு காலம் ஆரம்பிச்சுருச்சே, ராகுவே பாம்புதான, இந்த நேரத்துல தொடலாமா?"ன்னேன். அவ கேலண்டரைப் பாத்தா. "ராகு காலம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சுங்க. அப்பவும் நீங்க ரூம் வாசல்லதான் நின்னுட்டு இருந்தீங்க"ன்னா.

எட்டு நாள் போச்சு. பொட்டில நாத்தம் அடிக்க ஆரம்பிச்சுது. அம்மிணி ஒண்ணும் கேக்கல. ஆனா ஒம்பதாம் நாள் காலைல அவ துணியெல்லாம் மடிச்சு சூட்கேஸ்ல அடுக்கறதைப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கா, சென்னைக்கான்னு கேக்க எனக்குத் தெம்பில்ல. அப்படியே ஸ்கூலுக்குக் கிளம்பிப் போயிட்டேன்.

மத்தியானம் சோத்துக்கு வந்தா, சாந்தாமணி வாசல்லயே நிக்கறா, கையில சூடத்தட்டு. "ஏனுங்க, சீக்கிரம் வாங்க. நான் சொன்னன்ல? அதுக்குக் கண்ணு போச்சு!"

அவ ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டு இருந்தாங்க. வயித்துப் புள்ளைக்காரி எதுக்க வந்தா பாம்புக்குக் கண்ணு தெரியாமப் போயிரும், அதனால கர்ப்பிணி இருக்கற வீட்ல பாம்பு கடிக்காதுன்னு. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. நான் அதெல்லாம் மூட நம்பிக்கைன்னு சொல்லிட்டு இருந்தேன், வாயில சிறியாநங்கையை மென்னுக்கிட்டே. அன்னிக்குப் போயி எட்ட நின்னு பாக்கறேன், நெசமாவே அதோட ரெண்டு கண்ணும் நீலம் பாரிச்சுப் பாலாடை படிஞ்ச மாதிரி இருக்குது! கருமணியே தெரியல. சாந்தாமணி கன்னத்துல போட்டுக்கறா. எனக்கும் சிலுத்துப் போச்சு.

எம் மனசுல என்ன ஓடுச்சுன்னு கேளுங்க. கண்ணு தெரியாத பாம்பு. அதுக்கு நான் எங்க நிக்கறேன்னே தெரியாது. கடிக்கோணும்னாலும் எதைக் கடிக்கும்? இதைவிடச் சௌகரியம் இனிக் கெடைக்காது. அம்மிணி உள் ரூம்ல தூங்கிட்டு இருந்தா, அவளை எழுப்பிக் கேக்கலாம்னு தோணவே இல்ல. எழுப்பறதுக்குள்ள வேலையை முடிச்சு, சூட்கேஸைப் பரண் மேல ஏத்திரோணும்னு ஒரு வேகம். ஹெல்மெட்டைக் கழட்டினேன். கையுறையைக் கழட்டினேன். கண்ணில்லாத பாம்புகிட்ட கையுறை போட்டுட்டுப் போறது ஆம்பளைக்கு அழகா? சாந்தாமணிகிட்டத் திரும்பி, "பயம் காலுல இருக்குது, பாத்துக்க"ன்னு வசனம் வேற சொன்னேன். சொல்லிட்டு மேல இருந்து, நேராத் தலைக்கு மேல இருந்து, கையைக் கொண்டு போனேன்.

புடிச்சுருச்சுங்க. இங்க பாருங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. இப்பத் தழும்புகூட இல்ல. அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல எதுத்த வீட்டு ஆளுங்க திருடன்னு நெனைச்சு வெளிய ஓடி வந்தாங்களாம். அது புடிச்சு ஒரு நொடில விட்டுட்டு மூலைல போயி சுருண்டுக்கிச்சு. நான்தான் விடல, கையைப் புடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள சுத்திச் சுத்தி ஓடினேன்.

விசமில்லைன்னு எனக்குத் தெரியுங்க. பேப்பர்ல படிச்சிருக்கறேன். ஆனா கையில ரெண்டு வரிசையா ரத்தப் புள்ளி தெரிஞ்சதும் படிச்சதெல்லாம் பறந்து போச்சு. "வண்டியை எடு"ன்னேன். சாந்தாமணிக்கு ஓட்டத் தெரியாது. மூவாயிரம் பேருக்குக் கத்துக் குடுத்தவன் பொண்டாட்டிக்குக் கத்துக் குடுக்கல. நானே எடுத்தேன். ஸ்கூல் வண்டி, முன்னால எல் போர்டு, மாஸ்டர் பக்கம் தனி பிரேக்கு. அந்த மாஸ்டர் சீட்ல சாந்தாமணி உக்காந்தா. கும்பிட்டுக்கிட்டே வந்தா. ஒவ்வொரு தடவை முருகான்னு சொல்றப்பவும் காலை அழுத்தறா. அவ காலுக்கு அடில பிரேக்கு! வண்டி தவக்களை மாதிரி துள்ளித் துள்ளிப் போகுது. சிக்னல்ல மூணு தடவை ஆஃப் ஆயிருச்சு. பின்னால வந்த ஆட்டோக்காரன் எட்டிப் பாத்து, "புதுசா கத்துக்கறீங்களா பெரியவரே? கிளட்ச்சை மெதுவா விடுங்க"ன்னான்.

ஆஸ்பத்திரில பாம்புக் கடின்னதும் ஓடி வந்து படுக்க வெச்சுட்டாங்க. சின்ன வயசு டாக்டர். "எங்க கடிச்சுது? காட்டுலயா, வரப்புலயா?"

"பின்னால ரூம்லங்க."

"என்ன பாம்புன்னு பாத்தீங்களா?"

"முறுக்குங்க."

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. புத்தி பேதலிக்குதுன்னு நெனைச்சிருப்பாரு. ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாய்ல ஊத்தி வெச்சுட்டு, இருவது நிமிசத்துல உறையுதான்னு பாக்கோணும், அசையாமப் படுங்கன்னாரு. பக்கத்துப் பெட்ல தொண்டாமுத்தூர்க்காரர் ஒருத்தரு. தோட்டத்துல வாழைக்குத் தண்ணி கட்டறப்ப கண்ணாடி விரியன் கடிச்சிருக்குது. கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்துக் கெடக்குது. அந்த மனுசன் நர்ஸைக் கூப்புட்டு, "அம்மா, அவரு வயசானவரு, பயந்திருக்கறாரு. மொதல்ல அவரைப் பாருங்க"ன்னாரு. எனக்குக் கட்டிலுக்கு அடில போயிப் படுத்துக்கலாம் போல இருந்துச்சுங்க. அவரு பொழைச்சுட்டாரு, நான் நாலு நாள் கழிச்சு ஆப்பிள் வாங்கிட்டுப் போயிப் பாத்தேன். எனக்குக் கடிச்சது எங்க வீட்டுப் பாம்புன்னு மட்டும் சொல்லல.

ரத்தம் உறைஞ்சுருச்சு, ஒண்ணுமில்லைன்னு ஒரு டிடி ஊசியைப் போட்டாங்க. அதுக்குள்ள எம் பொண்ணு ஆட்டோ புடிச்சு வந்துட்டா. என்னைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சவ வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா, நர்ஸ் வந்து அதட்டற அளவுக்கு. அப்புறம் என்ன ஆச்சோ, அப்படியே அழ ஆரம்பிச்சுட்டா. "தோல் உரிக்கப் போகுதுப்பா. அந்த நேரத்துல கண்ணு மறைச்சுக்கும், நாலஞ்சு நாள்ல தானாத் தெளிஞ்சுரும். எதுவும் தெரியாததால பயந்துக்கிட்டு இருக்கும். எதுக்க வர்றது யாரு, நல்லவனா கெட்டவனான்னு எப்படித் தெரியும் அதுக்கு? அதான் கடிச்சிருக்குது. என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"ன்னா.

அப்ப அவ போன் அடிச்சுது. அந்தப் பையன். ஏதோ தொறைமுகத்துல கப்பல் நிக்குதாம், டவர் கெடைச்சிருக்குது. அவ விசயத்தைச் சொல்லிட்டு, எங்கிட்டக் கேக்காமலே போனை எம் காதுல வெச்சுட்டா. நான் என்ன எதிர்பாத்தேன் தெரியுங்களா? பாம்புக்கு என்னாச்சு, பல்லுகில்லு உடைஞ்சுருச்சான்னுதான் கேப்பான்னு. நல்லா நாலு வார்த்தை குடுக்கோணும்னு வாயைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன்.

"மாமா, வலிக்குதா?"ன்னான்.

நான் கையைத் திருப்பிப் பாத்தேன்.

"எனக்கும் மொதத் தடவை எடுக்கையில கடிச்சிட்டுது மாமா. நான் அழுதுட்டேன். ஒங்க மவகிட்ட சொல்லிறாதீங்க. ரெண்டு நாளு கையில தண்ணி படாம பாத்துக்கிடுங்க. ஹலோ? மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"ம்"னேன். ரெண்டு வருசத்துல அவங்கிட்ட நான் பேசினது அந்த ஒரு எழுத்துதான். அதுக்கே எனக்குப் பெரிய தியாகம் பண்ணின மாதிரி மார் விரிஞ்சு போச்சு, போங்க.

அப்புறம் என்ன? கடிச்சாச்சு. இனி அது பண்ண வேற என்ன இருக்குது? தோல் உரிச்சு, கண்ணு தெளிஞ்சதும் நான் கையுறை இல்லாமப் போனேன். பக்கத்துல இருந்து. கை நடுங்குச்சு, இழுக்கல. அது நாக்கை நீட்டி எம் மணிக்கட்டை மோந்து பாத்துச்சு. தூக்கிட்டேன். சில்லுன்னு, கனமா, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம எங் கையையே இறுக்கிச் சுத்திக்கிச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, நடுங்கறது எங் கை மட்டுமில்லைன்னு. அன்னிக்குச் சாயங்காலமே சூட்கேஸைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டேன். அது ஆஸ்பத்திரிக்குன்னுதான் அடுக்கினாளாம். அப்புறம் சாந்தாமணி சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது.

மார்கழிக் கடைசில பேத்தி பொறந்தா. அவ வயித்து வலில அழுது வீடே தூங்காத நாளெல்லாம் உண்டு. ஆனா அந்த மூணு மாசம் மாதிரி எங்க வீடு எப்பவும் இருந்ததில்லைங்க. காலைல பேத்திக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வெப்பாங்க, நான் முறுக்குக்குப் பொட்டி கழுவுவேன். நியூஸ் பாக்கறப்ப அது எந் தோள் மேல கெடக்கும். குழந்தைகிட்டப் போறதுக்கு முன்னால சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவோணும்னு அம்மிணி சட்டம் போட்டிருக்கா. நான் மூணு தடவை கழுவுவேன்.

இப்ப என்னத்துக்கு இங்க வந்தீங்கன்னு கேக்கறீங்க. தை மாசத்துல இருந்து இது தீனி எடுக்கலைங்க. ரெண்டு மாசம் ஆச்சு. அதைக் காட்டத்தான்.

... இல்ல. இதுவும் பொய்தான். உங்க மூஞ்சியைப் பாத்தாப் பொய் சொல்ல வர மாட்டேங்குது. குளிர் காலத்துல இந்தச் சாதி மூணு மாசம்கூடப் பட்டினி கெடக்கும், கவலைப்படாதீங்கன்னு அந்தப் பையனே போன்ல சொல்லிட்டான். எனக்குத் தெரியும், இது நல்லாத்தான் இருக்குது. அவன் நாளான்னிக்கு வர்றான். மூணாம் மாசம் முடியுதில்ல, புள்ளையையும் தாயையும் கூட்டிட்டுப் போறதுக்கு. முறை அதுதான். நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா டாக்டர் மட்டும், இந்தப் பாம்பு ஒரு மாசத்துக்குப் பிரயாணம் பண்ணக் கூடாதுன்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா, இதை விட்டுட்டு அவ போக மாட்டா. ஒரு மாசம் பேத்தி இருப்பா. குப்புற விழற நேரம்ங்க. இப்பத்தான் எம் முகத்தைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிருக்கறா.

இன்னொண்ணும் இருக்குது. அவனை நான் நேர்ல பாத்ததே இல்லைங்க. ரெண்டு வருசம் கதவைச் சாத்தி வெச்ச ஆளு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எதுக்க போயி நிக்கறது? லெட்டர் கெடைச்சா அவன் வர்றதும் ஒரு மாசம் தள்ளிப் போகுமில்ல?

ஆங், எம் டோக்கனைக் கூப்புடறாங்க. இருங்க தம்பி, வந்துட்டேன்.

*

என்ன தம்பி, இன்னும் உங்களைக் கூப்புடலையா?

பாத்துட்டாருங்க. வாயைத் தொறந்து பாத்தாரு, தராசுல வெச்சாரு. எடை அப்படியே இருக்குதாம். முதல் தரமா இருக்குது, எதுக்குக் கொண்டு வந்தீங்கன்னாரு. ஒரு லெட்டர் வேணும்னேன். என்ன லெட்டர்னாரு. பிரயாணத்துக்குன்னேன். பிரயாணம் பண்ணக் கூடாதுன்னு வேணும்னு சொல்ல வந்தேன், சத்தியமா வந்தேன். அதுக்குள்ள அவரு பேனாவை எடுத்து, "யாரோட பாம்பு? பேரு சொல்லுங்க"ன்னுட்டாரு.

"ரெனிஸ்டன்"னேன். சரியா எழுதோணுமேன்னு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன். எம் வாயில அந்தப் பேரு வந்ததே இதுதானுங்க மொதத் தடவை. ரெண்டு வருசமா அவனுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கறதையே நான் ஒத்துக்கல.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"னாரு.

"எம் மாப்பிள்ளைங்க"ன்னேன். நான் என்ன வேணும்னு கேட்டா, அவரு எனக்கு என்ன வேணும்னு சொல்லியிருக்கறேன் பாருங்க. டாக்டர் சிரிச்சுட்டு மாமனார்னு எழுதிக்கிட்டாரு. இதோ, சீல் வெச்சுக் குடுத்திருக்கறாரு. உடம்பு நல்லா இருக்குது, பிரயாணத்துக்குத் தடையில்லை. எதைத் தடுக்க வந்தனோ அதுக்கே சர்டிபிகேட் வாங்கிட்டுப் போறேன். எம் பொழைப்பு எப்பவும் இப்படித்தானுங்க.

போகட்டும். வைகாசில பேத்திக்குக் காது குத்தோணும், அதுக்கு எப்படியும் வந்துதான ஆகோணும் மாப்பிள்ளை? ஆயிரம் பை அடிக்கச் சொல்லப் போறேன், மஞ்சப் பை, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரு பேரையும் பெருசாப் போட்டு. நாளான்னிக்கு ஸ்டேசனுக்கு நானே போறேன், அந்த எல் போர்டு வண்டியை எடுத்துக்கிட்டு. பக்கத்துல இருந்து போயி, கையை நீட்டிருவேன். பாதில இழுக்க மாட்டேன்.

தம்பி, இந்தப் பையை ஒரு நிமிசம் புடிங்களேன். மூக்குக் கண்ணாடி மங்கிப் போச்சு, தொடைக்கோணும். பயப்படாதீங்க, அடில ஒரு கை குடுத்துப் புடிங்க. அவ்வளவுதான். முறுக்கு கடிக்காதுங்க.

கடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க.